அத்தியாயம் 7: நாயின் உடம்பிலிருந்து உண்ணியை எடுக்கும் முறை

காவிரிப் பாசன ஊர்களில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணி புதிதல்ல. கும்பகோணத்து மாடி வீட்டில் வளரும் லாப்ரடாரானாலும் சரி, மன்னார்குடிப் பக்கம் களத்துமேட்டைக் காவல் காக்கும் நாட்டு நாயானாலும் சரி, காதுமடலைப் புரட்டினால் ஒன்றிரண்டு அகப்படும். பார்த்துப் பழகியதாலேயே அதை எடுப்பதில் நமக்கு ஓர் அலட்சியம் வந்துவிட்டது. கையில் சிக்கியதைப் பிய்த்து வாசலில் எறிகிறோம். நகத்தில் வைத்து நசுக்குகிறோம். மண்ணெண்ணெய் தடவுகிறோம். ஊதுவத்தியால் சுடுகிறோம். இந்த நான்கும் தவறு. நாய்க்குக் கேடு, சில சமயம் நமக்கும் கேடு.

சரியான முறை இவற்றைவிட எளிது. தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட்டு மூட வேண்டும். அதோடு வேலை பாதிதான் முடிந்தது. மீதிப் பாதி வீட்டுச் சுவரிலும், அடுத்த மூன்று வாரம் நாயைக் கவனிப்பதிலும் இருக்கிறது. இந்த அத்தியாயம் இரண்டு பாதிகளையும் சொல்கிறது.

உண்ணி எங்கே குடியிருக்கிறது?

நம் பக்கத்து நாய்களில் பெரும்பாலும் காணப்படுவது பழுப்பு நாய் உண்ணி. இதன் அறிவியல் பெயர் ரைபிசெஃபலஸ் சாங்குயினியஸ். சிலந்தி, தேள் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். தெள்ளுப்பூச்சி துள்ளும், உண்ணிக்குத் துள்ளவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. ஊர்ந்து வந்து ஏறுவது ஒன்றுதான் அதன் வழி.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு கடுகைவிடச் சிறியது, ஆறு கால் கொண்டது. அது நாயின் மேல் ஏறிச் சில நாள் ரத்தம் குடித்துக் கீழே விழும். சுவரிடுக்கில் தோலுரித்து எட்டுக் கால் பெறும். மறுபடி ஏறும், குடிக்கும், விழும், தோலுரிக்கும். மூன்றாம் முறை முழு உண்ணியாக ஏறும். இப்படி மூன்று முறை நாயின் மேல் ஏறி இறங்கினாலும், அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது நாயின் மேல் அல்ல, நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சந்துபொந்துகளில்தான். இரை கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி பல மாதம் பட்டினியாகக் காத்திருக்கும்.

பெண் உண்ணி ஒரு வாரமோ அதற்கு மேலோ ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை போல் உப்பும். பழுப்பு நிறம் மாறிச் சாம்பல் பச்சையாகும். பிறகு தானாகவே விழுந்து, சுவரில் மேல்நோக்கி ஏறி, ஓர் இடுக்கில் புகுந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். ஒரு பெண் உண்ணி 4000 முட்டை வரை இடக்கூடும். "ரத்தம் குடித்தால் தானே உதிர்ந்துவிடும், விடுங்கள்" என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். உதிர்ந்த உண்ணி ஒழிந்த உண்ணி ஆகாது.

இந்தக் கணக்கு நம் ஊர் வீடுகளுக்கு நேராகப் பொருந்தும். சுண்ணாம்புப் பூச்சு வெடித்த திண்ணை, மரத்தூணுக்கும் அடிக்கல்லுக்கும் இடையிலுள்ள சந்து, நாட்டு ஓட்டுக் கூரையின் இடைவெளி, கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போரடி, நாய் படுக்கும் சாக்கு எல்லாமே உண்ணிக்கு உகந்த இடங்கள். தண்ணீர் நிற்கும் வயலில் அதற்கு வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாய் வெளியே போகாமல் திண்ணையிலேயே சுருண்டு கிடக்கும்போது, சுவரில் இருப்பவை தேடி அலையாமலே இரை பெறுகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் முட்டை சீக்கிரம் பொரிந்து தலைமுறை வேகமாகப் பெருகுகிறது. குளிர்காலம் வந்து உண்ணியை ஒடுக்கிவைக்கும் நாடுகள் உண்டு. நமக்கு அந்த வசதி கிடையாது. மாதந்தோறும் கவனம் வேண்டும்.

மாட்டின் மேல் பழியைப் போடுவதும் வழக்கம். மாட்டில் அதிகம் காணும் உண்ணி வேறு வகை. அது குஞ்சுப் பருவத்திலிருந்து முட்டையிட விழும்வரை ஒரே மாட்டின் மேல் இருக்கும். ஆகவே மாட்டுக்கு மட்டும் மருந்தடித்துவிட்டு நாயும் சுத்தமாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடும் மாதங்களில் நம் நாய்கள் கிடையைச் சுற்றித் திரியும். வேறு வகை உண்ணிகளும் அங்கே தொற்றலாம். அந்த நாட்களில் அந்தியில் நாய் வீடு திரும்பியதும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

ஏன் அவசரம்?

கடித்த இடத்து அரிப்பைவிட உண்ணி கொண்டுவரும் நோய்தான் பெரிது. அவற்றில் ஒன்று முதன்முதலில் விவரிக்கப்பட்டதே சென்னையில்தான். 1910இல் பேட்டன் என்ற ஆய்வாளர், மெட்ராஸ் ஹண்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு எழுதினார். பிறகு அதையே நரியின் ரத்தத்திலும் கண்டார். இன்று அதன் பெயர் பபீசியா கிப்சோனி. சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை அழித்து நாயை வெளிறச் செய்யும். உண்ணிக்கடியால் மட்டுமன்றி, நாய்ச் சண்டையில் ரத்தம் கலந்தும் இது பரவுகிறது.

இன்னொன்று எர்லிச்சியா கேனிஸ் என்ற பாக்டீரியா. 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கும் மேல் இந்நோயில் மடிந்த பிறகுதான் உலகம் இதைக் கூர்ந்து கவனித்தது. ரத்தத்தின் தட்டணுக்கள் குறைந்து, மூக்கிலிருந்து ரத்தம் வடியும் நிலைவரை கொண்டுபோகும். இதைப் பரப்புவது நம் திண்ணைச் சுவரில் இருக்கும் அதே பழுப்பு நாய் உண்ணிதான்.

உண்ணி வாய் பதித்த சில மணி நேரத்திலேயே எர்லிச்சியா நாயின் உடம்புக்குள் போகக்கூடும். பபீசியாவுக்குப் பொதுவாக இரண்டு நாள்போல ஆகும். எனவே "ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. கண்ட அன்றே எடுக்க வேண்டும்.

எங்கே தேடுவது?

கண்ணைவிட விரல்தான் உண்ணியை நன்றாகக் கண்டுபிடிக்கும். மயிருக்கு எதிர்த்திசையில் விரல் நுனிகளை மெல்ல ஓட்டுங்கள். பச்சைப்பயறு அளவில் ஏதாவது தட்டுப்பட்டால் மயிரை விலக்கிப் பாருங்கள். தவறாமல் பார்க்க வேண்டிய இடங்கள்:

- காதுமடலின் உட்புறமும் அதன் ஓர மடிப்பும்
- கழுத்துப்பட்டைக்கு அடியில்
- கால்விரல் இடுக்குகள், பாதத் திண்டுகளுக்கு நடுவே
- முன்னங்கால் அக்குள், பின்னங்கால் தொடையிடுக்கு
- வால் அடி
- கண்ணிமை ஓரம், உதட்டு மடிப்பு

மருவையும் முலைக்காம்பையும் உண்ணி என்று எண்ணி இழுத்துவிடுவது உண்டு. ஆண் நாய்க்கும் முலைக்காம்பு இருக்கும் என்பதை மறக்காதீர்கள். சந்தேகமிருந்தால் கைபேசி வெளிச்சத்தில் அடிப்பகுதியைப் பாருங்கள். தோலை ஒட்டிக் கால்கள் தெரிந்தால் உண்ணி. தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

உப்பிய பெண் உண்ணியை எடுத்ததும் அதே இடத்தை இன்னொரு முறை பாருங்கள். அதன் அடியிலோ பக்கத்திலோ தட்டையான, செம்பழுப்பு நிற ஆண் உண்ணி ஒட்டிக்கொண்டிருக்கும். சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அவ்வளவாக உப்பாததால் கண்ணில் படாமல் தப்பிவிடும். அதையும் எடுத்தால்தான் அந்த இடம் சுத்தம்.

கைவசம் இருக்க வேண்டியவை

- நுனி கூரான, இரு முனையும் இடைவெளியின்றிச் சேரும் இடுக்கி. மருந்துக்கடையில் கிடைக்கும். வீட்டில் நல்ல முள்வாங்கி இருந்தால் அதுவே போதும். புருவம் திருத்தும் தட்டை நுனி இடுக்கி உண்ணியின் வயிற்றை நசுக்கிவிடும், அது வேண்டாம்.
- ரப்பர் கையுறை. இல்லையென்றால் சுத்தமான பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.
- இறுக மூடும் சிறு குப்பியில் பாதியளவு சர்ஜிக்கல் ஸ்பிரிட்.
- போவிடோன் அயோடின் கரைசல், பஞ்சு.
- சோப்பு, தண்ணீர்.
- நாய்க்குப் பிடித்த தின்பண்டம் கொஞ்சம்.

முள்வாங்கியைப் பற்றி ஒரு சொல். காட்டுவேலைக்குப் போகிறவர்கள் காலில் தைத்த முள்ளை எடுக்க வைத்திருக்கும் இந்தக் கருவி, உண்ணியை எடுப்பதற்கும் ஏற்றது. இரும்புத் தகட்டை வளைத்துச் செய்த அதன் நுனி, தோலுக்கும் உண்ணியின் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடத்தில் நுழையக்கூடியது. வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நுனிகள் ஒன்றோடொன்று முழுதும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். உண்ணிக்குப் பயன்படுத்திய முள்வாங்கியைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்துத் தனியாக வையுங்கள். அதையே மனிதர் காலுக்கும் பயன்படுத்த வேண்டாம்.

எடுக்கும் முறை

1. காலை வெளிச்சத்தில், நாய் சாந்தமாக இருக்கும் நேரத்தில் தொடங்குங்கள். அதற்குப் பழக்கமான ஒருவர் தலையை அணைத்துப் பிடித்துப் பேச்சுக் கொடுக்கட்டும். எடுப்பவர் வேறொருவராக இருப்பது நல்லது. உறுமினாலோ உடம்பை விறைத்தாலோ நிறுத்திவிட்டுப் பிறகு தொடருங்கள். கடிக்கும் பழக்கமுள்ள நாயை வீட்டில் வைத்து முயலாதீர்கள்.

2. கையுறை மாட்டுங்கள். ஸ்பிரிட் குப்பியைத் திறந்து எட்டும் தூரத்தில் வையுங்கள். உண்ணியைப் பிடித்த பிறகு மூடியைத் திருகிக்கொண்டிருக்கக் கூடாது.

3. ஒரு கையால் மயிரை விலக்கித் தோலை லேசாக விரித்துப் பிடியுங்கள்.

4. இடுக்கியின் நுனியைத் தோலோடு தோலாகப் படியவைத்து, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். வயிற்றைப் பிடிக்கவே கூடாது. வயிற்றை அழுத்தினால் உள்ளே இருப்பது காயத்துக்குள் திரும்பிப் போகும் ஆபத்து உண்டு.

5. ஒரே சீரான விசையில், தோலிலிருந்து நேர் மேலாக இழுங்கள். வெடுக்கென்று பிடுங்காதீர்கள், திருகாதீர்கள். தோல் கூடாரமாகக் கொஞ்சம் உயரும். அப்படியே சில நொடி பிடித்திருங்கள். உண்ணி தன் வாயைப் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து தோலில் ஒட்டவைத்திருக்கிறது. அந்தப் பிடி விட நேரம் கொடுக்க வேண்டும். பொறுமையாக இழுத்தால் முழுதாக வரும். கொக்கி வடிவ உண்ணிக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் உறையில் எழுதியிருக்கும் முறைப்படி செய்யுங்கள். அதைத் திருகித்தான் எடுக்க வேண்டும். இடுக்கிக்கும் முள்வாங்கிக்கும் அந்த முறை பொருந்தாது.

6. வந்த உண்ணியை நேராக ஸ்பிரிட்டில் போட்டு மூடுங்கள். தரையில் போடாதீர்கள், காலால் தேய்க்காதீர்கள், சாக்கடையில் எறியாதீர்கள். தண்ணீரில் அது எளிதில் சாகாது. குப்பியில் தேதியை எழுதி வைத்தால், பின்னால் நாய்க்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்ட உதவும்.

7. கடித்த இடத்தில் போவிடோன் அயோடின் ஒற்றுங்கள். சிறு தடிப்பு சில நாள் இருக்கும், தானே வடியும். நாளாக ஆகப் பெரிதானாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

8. கையுறையைக் கழற்றிச் சோப்பால் கை கழுவுங்கள். நாய்க்குத் தின்பண்டம் கொடுத்து, கொஞ்ச நேரம் தடவிக்கொடுங்கள். அடுத்த முறை அது தானாக வந்து நிற்கும்.

காதுத் துளைக்குள் ஆழமாக இருப்பதையும், கண்ணிமை ஓரத்தில் இருப்பதையும் நீங்கள் எடுக்க வேண்டாம். அவை மருத்துவர் எடுக்க வேண்டியவை.

வாய்ப்பகுதி தோலில் தங்கிவிட்டால்

சில சமயம் உடம்பு வந்து, கரும்புள்ளி போல் ஒரு துணுக்கு தோலிலேயே நின்றுவிடும். "தலை உள்ளே போய்விட்டது, மூளைக்கு ஏறும்" என்று பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் நடக்காது. அது உயிரற்ற வாய்ப்பகுதி. நுனி அகப்பட்டால் இடுக்கியால் எடுக்கலாம். அகப்படாவிட்டால் ஊசியால் கிளறாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள். கிளறுவதால்தான் சீழ் வைக்கிறது. அயோடின் வைத்து விட்டுவிடுங்கள். தோல் சில நாளில் தானே அதை வெளியே தள்ளிவிடும்.

செய்யக் கூடாதவை

கைவைத்தியம் என்ற பெயரில் நம் வீடுகளில் நடப்பவற்றில் பல, உண்ணி எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியாததால் வந்தவை. பசை வைத்து ஒட்டிய வாயை, சூடு பட்ட நொடியில் உண்ணியால் எடுத்துவிட முடியாது. சீண்டப்பட்ட உண்ணி உமிழ்நீரையும் குடித்ததையும் காயத்துக்குள் விடக்கூடும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல்: நாயின் தோல் வெந்துபோகும். நக்கினால் வயிற்றுக்குள் போகும். புரையேறி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

ஊதுவத்தி, தீக்குச்சி, பீடி நெருப்பு: உண்ணிக்கு முன்னால் நாயின் தோல் சுடும். மண்ணெண்ணெய் தடவிய நாயின் அருகில் தீ கொண்டுபோவது நினைக்கவே கூடாதது.

சுண்ணாம்பு: புண்ணாக்கும். கண்ணருகே பட்டால் பார்வை போகும்.

எண்ணெய் பூசி மூச்சு முட்டச் செய்தல்: உண்ணிக்கு மூச்சு மெல்லத்தான் ஓடும். அது சாகக் காத்திருக்கும் நேரமெல்லாம் நோய் பரவும் நேரம்.

நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்து: இதை அழுத்திச் சொல்ல வேண்டும். குறுவைக்கும் சம்பாவுக்கும் வாங்கிய மருந்து வீட்டு மூலையில் மீதி இருக்கிறது, கொஞ்சம் கரைத்து நாயின் மேல் ஊற்றினால் என்ன என்று செய்துவிடுகிறார்கள். தோல் வழியாகவும் நக்குவதாலும் விஷம் ஏறி, எச்சில் ஒழுகி, உடம்பு உதறி நாய் செத்துப்போகும். பயிருக்கான மருந்து பயிருக்கு மட்டும்தான்.

ஆற்றிலோ வாய்க்காலிலோ நீந்தவிடுதல்: ஒட்டிய உண்ணி தண்ணீரில் விழாது. நாய்க்குக் குளிர்ச்சியாக இருக்கும். உண்ணி அப்படியேதான் இருக்கும்.

மிக அதிகமாக இருந்தால்

பத்துப் பதினைந்து உண்ணி என்றால் இரண்டு மூன்று நாளில் பொறுமையாகக் கையால் எடுத்துவிடலாம். காது முழுக்கக் கொத்துக் கொத்தாக, விரலிடுக்கெல்லாம் மணிமணியாக இருந்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவது நாய்க்குச் சித்திரவதை. மருந்துதான் வழி. குட்டிகளின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். உடம்பு சிறியது என்பதால் உண்ணி குடிக்கும் ரத்தமே அவற்றைச் சோகைக்குத் தள்ளிவிடும். ஈறு வெளுத்த குட்டியை அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உண்ணி மருந்துகள் பல வடிவில் கிடைக்கின்றன. பிடரியில் சொட்டாக விடும் ஃபிப்ரோனில் உண்டு; தண்ணீரில் கலந்து பூசும் அமிட்ராஸ் உண்டு. ஃப்ளூரலானர், அஃபாக்ஸோலானர் போன்றவை வாய்வழி மாத்திரைகள். அஃபாக்ஸோலானர் ஒரு மாதமும் ஃப்ளூரலானர் ஏறக்குறைய மூன்று மாதமும் பாதுகாப்புத் தரும். நாயின் எடை, வயது, சினை, பழைய நோய்கள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும். வலிப்பு வந்த நாய்க்கு இந்த மாத்திரைகளைக் கொடுக்குமுன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அமிட்ராஸைக் குட்டிகளுக்கும் நோயுற்ற நாய்களுக்கும் நாமாகவே பூசக் கூடாது. தண்ணீர் அளவு பிசகினால் நாய் மயங்கிப்போகும். மாட்டுக்கு வாங்கிய மருந்தை மீதியாக்கி நாய்க்கு ஊற்றக் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த எதையும் அண்டவிடாதீர்கள். பூனைக்கு அது கொடிய விஷம்.

மூலிகை முறையைக் கேட்பவர்களுக்கு: கால்நடை மூலிகை மருத்துவத்தில் தஞ்சாவூருக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தொகுத்த முறைகளைத் தேசிய பால்வள வாரியமும் பால் உற்பத்தியாளர்களிடம் கொண்டுசென்றது. அவற்றில் உண்ணிக்கான கரைசல் ஒன்று இருக்கிறது. பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றை அரைத்து, தண்ணீரில் கலந்து வடிகட்டி, மாட்டின் உடம்பிலும் கொட்டகை இடுக்குகளிலும் தெளிப்பார்கள். இது மாட்டுக்கு வகுத்தது. நாய் தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். பூண்டு நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே கொட்டகைச் சுவருக்கு இதைத் தெளியுங்கள்; நாயின் மேல் தெளிக்க வேண்டாம்.

சுவரைப் பார்க்கும் வேலை

நாயைச் சுத்தம் செய்துவிட்டு அதே சாக்கில் படுக்கவைத்தால் ஒரு வாரத்தில் பழைய கதைதான். ஒரே நாளில் இவற்றைச் செய்யுங்கள்.

படுக்கைச் சாக்கை எரித்துவிடுங்கள், அல்லது கொதிநீரில் ஊறவைத்து வெயிலில் காயவையுங்கள். படுக்கும் இடத்தை நன்றாகப் பெருக்கி, குப்பையை அப்போதே அப்புறப்படுத்துங்கள். திண்ணை வெடிப்புகளையும் தூணடிச் சந்துகளையும் சிமென்டாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ அடையுங்கள். உண்ணி மேல்நோக்கி ஏறும் என்பதால் தரையோடு நிறுத்தாமல், கதவு நிலை, ஜன்னல் சட்டம், உத்தர இடுக்குவரை பாருங்கள். வைக்கோல் போரிலிருந்து நாயின் படுக்கையைத் தள்ளிவையுங்கள். சுவருக்கு அடிக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, நாயையும் பிள்ளைகளையும் அப்புறப்படுத்திவிட்டு அடியுங்கள். காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். கீற்றும் வைக்கோலும் உள்ள இடத்தில் நெருப்புக் காட்டி உண்ணியை ஒழிக்க முயலவே கூடாது.

முதல் தெளிப்பில் முட்டைகள் தப்பும். இரண்டு மூன்று வாரத்தில் அவை பொரியும்போது மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் வீடு தேறும். ஒரே வீட்டில் மூன்று நாய் இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். தெருநாய் வந்து படுக்கும் திண்ணையானால் அதற்கும் சேர்த்தே மருத்துவரிடம் கேளுங்கள். அதுவும் நம் தெருவின் உயிர்தான்.

அடுத்த மூன்று வாரம்

உண்ணி எடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து மூன்று வாரம், தினமும் ஒருமுறை இவற்றைக் கவனியுங்கள்:

- சோறு வைத்தால் மோந்துவிட்டுப் போய்விடுகிறதா?
- காய்ச்சல் இருக்கிறதா? நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103க்கு மேல் போனால் காய்ச்சல். மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்ல முடியாது.
- மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா?
- சிறுநீர் காப்பி நிறத்திலோ சிவப்பாகவோ போகிறதா?
- மூக்கில் ரத்தம், அடிவயிற்றுத் தோலில் செம்புள்ளிகள் உண்டா?
- தாடைக்கடியில் கட்டி தட்டுப்படுகிறதா?

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், தட்டணுக்களை எண்ணுவார்கள். எர்லிச்சியா என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பொதுவாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிடத் தொடங்கும். அப்போது மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் பலர். நிறுத்தினால் கிருமி உடம்பில் பதுங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது மிகக் கடினம். பபீசியாவுக்கு மருந்து வேறு. எனவே பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக்கொடுத்த சீட்டை வைத்து மருந்து வாங்காதீர்கள்.

முதலில் போக வேண்டியது உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகம். அங்கே முடியாததற்கு, தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2012இல் தொடங்கப்பட்ட இந்தக் கல்லூரியால், ரத்தப் பரிசோதனைக்கு நாமக்கல்லுக்கோ சென்னைக்கோ ஓட வேண்டிய கட்டாயம் டெல்டாக்காரர்களுக்குக் குறைந்திருக்கிறது. கால்நடை உதவிக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1962.

மனிதருக்கு வருமா?

பழுப்பு நாய் உண்ணி மனிதரை அரிதாகத்தான் கடிக்கும். கடித்தால் ரிக்கெட்சியா கிருமியால் காய்ச்சலும், உள்ளங்கை, உள்ளங்காலிலும் தெரியும் தடிப்புகளும் வரலாம். நாயின் உண்ணியை வெறுங்கையால் நசுக்குவதும் அந்தக் கிருமியைத் தோலுக்கும் கண்ணுக்கும் கொண்டுபோகும் வழி. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போனால், "வீட்டு நாய்க்கு உண்ணி இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

செய்தித்தாள்களில் "உண்ணிக் காய்ச்சல்" என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது நாயின் உண்ணி அல்ல. புதர்களிலும் புல்வெளிகளிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுயிரியின் குஞ்சுகள்தான். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்தக் காய்ச்சல் ஒரு வீட்டிலும் குறையாது; வாயில்லா ஜீவன் ஒன்று அநாதையாவதுதான் மிச்சம்.

உண்ணி எடுக்கும்போது நாய் கடித்துவிட்டாலோ நகம் கீறினாலோ, அது நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாரந்தோறும் செய்ய வேண்டியது

வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, மேலே சொன்ன இடங்களை வரிசையாகத் தடவிப் பாருங்கள். பெரிய நாய்க்கும் பத்து நிமிடம் போதும். இரண்டு உண்ணி அகப்பட்டால் எடுத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். அடுத்த வாரம் ஐந்தாக ஏறியிருந்தால் வீட்டுக்குள் எங்கோ பொரிந்திருக்கிறது என்று பொருள். மருந்துக்கு நாள் குறியுங்கள். எண்ணிக்கை வாராவாரம் இறங்கிக்கொண்டு வந்தால் நீங்கள் செய்வது சரியாகத்தான் போகிறது. ஒன்றும் இல்லாத வாரத்திலும் இந்தப் பத்து நிமிடத்தை விடாதீர்கள். உண்ணியை மட்டுமல்ல, புண்ணையும் கட்டியையும் முதலில் கண்டுகொள்வது இந்தத் தடவலில்தான்.